எக்கோவில் இதயம் நார்மல் என்கிறார்கள், அம்மாவுக்குக் கால் வீக்கம் மட்டும் குறையவில்லை

கரிசல்காடு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது, ஊர் விருதுநகர் பக்கம். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் கிடையாது. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சீமைக்கருவேல விறகும் பருத்திமாரும்தான் அடுப்புக்கு, அடுப்படிக்கு ஜன்னலே இல்லை, கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகடுப்பை விடவில்லை. சில வருடங்களாகவே இளைப்பு, சளி. நெஞ்சு டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி, அதாவது மூச்சுக் குழாய் அடைப்பு நோய் என்றார், இன்ஹேலர் கொடுத்தார், ஒழுங்காகத்தான் இழுக்கிறார்.

இப்போதைய தொல்லை கால். சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக அப்படியே நிற்கிறது. வயிறு உப்பின மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார், இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. ஹார்ட் டாக்டரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். இடது கீழறை இயக்கம் நார்மல், இஎஃப் 62% என்று இருக்கிறது. அதற்குக் கீழே வலது மேலறையும் வலது கீழறையும் லேசாக விரிந்திருக்கின்றன, டிஆர் மிதமானது, டிஆர் வேகம் நொடிக்கு 3.2 மீட்டர், ஆர்விஎஸ்பி 51 என்று போட்டிருக்கிறார்கள். "ஹார்ட் நல்லா இருக்கும்மா, நெஞ்சு டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். நெஞ்சு டாக்டரோ "கால் வீக்கம்னா அது ஹார்ட் கேஸ்" என்கிறார். நடுவில் நாங்கள் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

நீர் மாத்திரை போட்டால் வடிகிறது, நிறுத்தினால் திரும்ப வீங்குகிறது. பிபிக்கு ஆம்லோடிபின் 5 போடுகிறார். ஹீமோகுளோபின் 17.1, லேபில் "ரத்தம் நல்லா இருக்கு" என்றார்கள். ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் மிஷினில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 86, 87தான் காட்டுகிறது. வீட்டில் ஆக்ஸிஜன் வைக்கலாமா என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, அதெல்லாம் கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இது ஹார்ட்டா, லங்ஸா? யாரைப் பிடித்து வைத்தியம் பார்ப்பது?

ரயில்வே காலனி எழுதியது:

எங்கள் மாமனாருக்கும் இதே கதைதான் சகோ. நீர் மாத்திரையை விடாமல் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள். ஆக்ஸிஜன் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஒருமுறை வைத்துவிட்டால் உடம்பு பழகிவிடும், அப்புறம் அது இல்லாமல் இருக்கவே முடியாது.

ஸ்டெத் எழுதியது:

நெஞ்சக நோய் மருத்துவன் நான். நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் தகவலே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு டாக்டர்களும் சொன்னது ஆளுக்குப் பாதி சரி. இஎஃப் 62 என்பது ஒரு துடிப்பில் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தைத் தள்ளுகிறது என்ற கணக்கு, உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் பக்கம் அது. அது நன்றாக இருக்கிறது என்றுதான் ஹார்ட் டாக்டர் சொல்லியிருப்பார். அம்மாவின் பிரச்சினை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது, வலது பக்கத்தில். வலது கீழறைக்கு ஒரே ஒரு வேலை, ரத்தத்தைப் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளுவது. அதற்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை, கையில் கட்டிப் பார்க்கும் பிபி 120 என்றால் நுரையீரல் தமனியில் மேல் அழுத்தம் 25 அளவில்தான் இருக்கும். அதனால் அந்த அறையின் சுவரும் மெல்லியது. ரிப்போர்ட்டில் ஆர்விஎஸ்பி என்று போட்டிருப்பது இந்த அழுத்தம்தான், அம்மாவுக்கு அங்கே 51. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், டிஆர் வேகம், அதாவது வலது பக்க வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகம் 3.2, அதன் வர்க்கம் 10.24, அதை 4ஆல் பெருக்கினால் 41, அதோடு வலது மேலறையின் அழுத்தம் என்று ஒரு 10ஐக் கூட்டியிருக்கிறார்கள். ஆக இது நேரடியாக அளந்தது இல்லை, மதிப்பீடு. சிஓபிடிக்காரர்களின் நெஞ்சில் காற்று அடைந்து கிடப்பதால் எக்கோ படமும் தெளிவாகக் கிடைக்காது, முன்பின் 10 வித்தியாசம் வரலாம். ஆனால் அறைகள் விரிந்திருப்பதையும் கால் வீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அழுத்தம் கூடியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஏன் கூடுகிறது? நுரையீரலில் ஏதாவது ஒரு பகுதிக்குக் காற்று சரியாகப் போகவில்லை என்றால், அங்கே போகும் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். விளையாத வயலுக்கு எதற்குத் தண்ணீர் என்று மடையை மாற்றிவிடுகிற மாதிரி, காற்று உள்ள இடத்துக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. 1946இல் ஸ்வீடனில் வான் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்ற இருவர் பூனைகளை வைத்து இதைக் காட்டினார்கள். நிமோனியா மாதிரி ஓரிடத்தில் மட்டும் நோய் இருந்தால் இது அருமையான ஏற்பாடு. சிஓபிடியில் நுரையீரல் முழுக்கவே ஆக்ஸிஜன் குறைவு, எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் சுருங்கினால் ரத்தம் எங்கே போகும்? வலது கீழறை முக்கி முக்கித் தள்ள வேண்டியதுதான். வருடக்கணக்கில் இப்படியே போனால் குழாய்ச் சுவர் தடித்துவிடும், பிறகு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் முழுதாகத் தளராது. காற்றறைகள் சிதைந்தால் அவற்றோடு நுண்குழாய்களும் போய்விடும், அது வேறு கணக்கு.

அந்த ஹீமோகுளோபின் 17.1ஐப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். இந்த வயதுப் பெண்ணுக்கு அது மிக அதிகம். ஆக்ஸிஜன் பற்றாக்குறையைச் சிறுநீரகம் உணர்ந்து, இன்னும் சிவப்பணு உண்டாக்கு என்று எலும்பு மஜ்ஜையை விரட்டியிருக்கிறது. ரத்தம் கெட்டியாகிறது, கெட்டியான ரத்தத்தைச் சுருங்கிய குழாயில் தள்ளுவது வலது பக்கத்துக்கு இன்னும் ஒரு சுமை. விரல் மிஷினில் 86, 87 காட்டுவது நேற்று இன்று வந்தது இல்லை, பல மாதமாக இருக்கிறது என்பதற்கு இந்த 17.1 ஒரு சாட்சி.

வலது பக்கம் திணறும்போது ரத்தம் பின்னால் தேங்கும். கழுத்து ரத்தக் குழாய் புடைக்கும், கல்லீரல் வீங்கும், குடலிலும் நீர் கோக்கும், அதனால்தான் இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. கால் வீக்கம் முழுக்க இதனால்தான் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், வலது பக்கம் முழுதாகத் தளர்வதற்கு முன்பே வீக்கம் வந்துவிடலாம். அப்புறம் அந்த ஆம்லோடிபின். அதுவே கணுக்காலை வீங்க வைக்கும் மாத்திரை, அந்த வீக்கம் நீர் மாத்திரைக்குச் சரியாக அடங்காது. நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு பிபி மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கெண்டைக்கால் வலித்தாலோ அது வேறு விஷயம், ரத்தக்கட்டு இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

இனி ஆக்ஸிஜன். ரயில்வே காலனி சொன்னதை என் வெளிநோயாளிப் பிரிவில் வாரம் தவறாமல் கேட்கிறேன். பழகிப்போகும் பொருள் இல்லை அது. 1981இல் பிரிட்டனில் 87 பேரை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. எல்லோருமே உங்கள் அம்மா மாதிரி, சிஓபிடி, ஆக்ஸிஜன் குறைவு, ஏற்கெனவே இதயத் தளர்ச்சியால் நீர் கோத்தவர்கள். தினம் 15 மணி நேரம் ஆக்ஸிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 19 பேர், எடுக்காத 45 பேரில் 30 பேர். அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில் வந்த சோதனையில், ராத்திரி மட்டும் எடுத்தவர்களைவிட ராத்திரி பகல் இரண்டிலும் எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். சிஓபிடியில் ஆயுளைக் கூட்டுகிறது என்று உறுதியாகக் காட்டப்பட்ட வெகு சில வைத்தியங்களில் இது ஒன்று, இதைப் போய்க் கடைசிக் கட்டம் என்று தள்ளிப்போடுவது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பிரிட்டன் சோதனையில் ஆண்களுக்கு முதல் ஒன்றரை வருடம் போல வித்தியாசமே தெரியவில்லை. ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று மூலையில் போடுகிற மிஷின் இல்லை இது.

எல்லோருக்கும் வைப்பதும் இல்லை. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜி டெஸ்டில் ஆக்ஸிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் 56 முதல் 59 வரை இருந்து கூடவே வலது பக்கச் சிரமமோ ரத்தம் கெட்டியாவதோ இருக்க வேண்டும். சளி, காய்ச்சல் இல்லாமல் நிதானமாக இருக்கும் நேரத்தில் எடுத்த கணக்கு அது. அம்மாவுக்கு இரண்டுமே இருக்கிற மாதிரி தெரிகிறது. ஆகவே முதல் வேலை ஏபிஜி. யாரைப் பார்ப்பது என்றால் நெஞ்சு டாக்டரைத்தான், எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "வலது பக்கம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவு என்றால் ஹார்ட் டாக்டரும் அதே வளாகத்தில் இருப்பார், பஸ் அலைச்சல் மிச்சம்.

கரிசல்காடு எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். இவ்வளவு விளக்கமாக யாருமே சொல்லவில்லை. இரண்டு சந்தேகம். ஆக்ஸிஜன் இவ்வளவு நல்லது என்றால் 99 காட்டும் வரை கூட்டி வைக்கலாமா? இன்னொன்று, நுரையீரல் பிரஷருக்கு சில்டெனாஃபில் கொடுப்பார்கள் என்று யூடியூபில் பார்த்தேன், அதைக் கேட்டு வாங்கலாமா?

ஸ்டெத் எழுதியது:

இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் பதில்.

சிஓபிடியில் இலக்கு 88 முதல் 92. அதற்கு மேல் தூக்கினால் சிலருக்குக் கரியமில வாயு ஏறி, தலைவலி, தூக்கக் கலக்கம், கடைசியில் மயக்கம் வரை போகும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சிலேயே இதைச் சோதித்தார்கள், 2010இல் வெளிவந்தது. மூச்சுத் திணறலோடு வந்தவர்களில் அளந்து ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டவர்களைவிட, தாராளமாகத் திறந்துவிடப்பட்டவர்களிடம் இறப்பு தெளிவாகவே அதிகம். வீட்டில் பெரும்பாலும் 1 அல்லது 2 லிட்டரில் நின்றுவிடும், எத்தனை என்பதை ஏபிஜி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து குமிழைத் திருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்டெனாஃபில் நுரையீரல் தமனியே நோயாளியாக இருக்கும் வகைக்கான மருந்து. சிஓபிடியில் அது எல்லாக் குழாய்களையும் தளர்த்திவிடும், காற்று வராத இடத்துக்கும் ரத்தம் பாயும், ஆக்ஸிஜன் இன்னும் இறங்கலாம். நுரையீரல் தழும்பு நோய்களில் இதே நோக்கத்துக்காகச் சோதித்த மருந்துகளில் ரியோசிகுவாட், ஆம்ப்ரிசென்டான் இரண்டும் கெடுதலே செய்தன. அமெரிக்காவில் 2021இல் ட்ரெப்ரோஸ்டினில் என்ற உள்ளிழுக்கும் மருந்துக்குத் தழும்பு நோயோடு வரும் நுரையீரல் அழுத்தத்துக்காக அனுமதி கிடைத்தது, அதையே சிஓபிடியில் பார்த்தபோது சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. ஆக நோய் எந்த வகை என்று தெரியாமல் மருந்துப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. ஊதும் பரிசோதனையில் பாதிப்பு லேசாக இருந்து அழுத்தம் மட்டும் ஏகத்துக்கு ஏறியிருந்தால், பழைய ரத்தக்கட்டு, தூக்கத்தில் மூச்சடைப்பு, இதயத்தின் இடது பக்கம் விறைத்துப்போவது என்று வேறு காரணம் தேட வேண்டும். அம்மா பலமாகக் குறட்டை விடுவார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

பழைய பேப்பர் எழுதியது:

திரியை விட்டு விலகிப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பீடி குடிக்காத பெண்ணுக்கு எப்படி இந்த நோய் என்று இன்னும் பல பேர் கேட்கிறார்கள். டாக்டர் பத்மாவதி 1950களிலேயே டெல்லியில் இதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டார். நுரையீரல் நோயால் வலது இதயம் கெட்டுப்போனவர்களைப் பார்த்தபோது, ஆண்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள், பெண்களில் புகைப்பவர் கொஞ்சம்தான், ஆனாலும் நோய் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, பெண்களுக்கு ஆண்களைவிட இளம் வயதிலேயே வந்தது. சமையல் புகைதான் என்று சொன்னார். பர்மாவில் பிறந்தவர், 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது தாயார், சகோதரிகளோடு தப்பிக் கோயம்புத்தூருக்கு வந்தவர், இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர், 2020இல் 103 வயதில் கொரோனாவில் இறந்தார். அவர் சொல்லி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் டாக்டர் முதலில் கேட்பது "வீட்டுக்காரர் சிகரெட் குடிப்பாரா" என்றுதான்.

வெந்நீர் அடுப்பை முதலில் அணையுங்கள் கரிசல்காடு.

மலைக்கோட்டை எழுதியது:

இதே திரியில் கேட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, கூடவே சிஓபிடி. ஹார்ட் டாக்டர் பிசோப்ரோலால் எழுதினார், மருந்துக் கடைக்காரர் "இளைப்புக்காரருக்கு இது ஆகாதே" என்று பயமுறுத்திவிட்டார். இன்ஹேலர் இழுத்தால் படபடப்பு வேறு. எதை விடுவது?

ஸ்டெத் எழுதியது:

எதையும் விட வேண்டாம். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் வகை பெரும்பாலும் இதயத்தை மட்டும் குறிவைப்பவை, இதயத்துக்குத் தேவை என்றால் சிஓபிடி இருந்தாலும் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். இதயத்தில் காரணம் இல்லாமல், இளைப்புக்கு நல்லது என்று கொடுப்பதுதான் தப்பு. 2019இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் அப்படி மெட்டோப்ரோலால் கொடுக்கப்பட்டவர்கள் இளைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியதே தவிரக் குறையவில்லை. பயப்பட வேண்டியது ப்ரோப்ரனலால் மாதிரி மருந்துக்கு. கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி என்று வேறு டாக்டர் எழுதியிருப்பார், யாருக்கும் தெரியாமல் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கண் பிரஷருக்கு ஊற்றும் டிமோலால் சொட்டு மருந்தும் அதே வகைதான், ஒரு சொட்டுத்தானே என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அது மூச்சுக் குழாயை இறுக்கிவிடும்.

படபடப்பு, இளைப்பு வந்ததும் உடனே அடிக்கும் இன்ஹேலரில் இருக்கும் சால்புடமாலால் வருவது. அடிக்கடி அதை அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் தினசரி இன்ஹேலர் போதவில்லை என்று அர்த்தம். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுங்கள், சிஓபிடியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு சகஜம்.

இன்னொன்று, நுரையீரல் இடது பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. வெளியே போக முடியாத காற்று நெஞ்சில் தேங்கி இதயத்தை நெருக்கும், நெருக்கினால் அறைக்குள் ரத்தம் நிறைவது குறையும். 2018இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் மூச்சுக் குழாயை விரிக்கும் இரண்டு மருந்துகள் சேர்ந்த இன்ஹேலரை இரண்டு வாரம் கொடுத்து ஸ்கேன் பார்த்தபோது, இடது கீழறையில் நிறையும் ரத்தத்தின் அளவு கூடியது. மாத்திரை எதையும் மாற்றவில்லை, இன்ஹேலர்தான். அப்பாவுக்கு இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் அடுத்த சில வாரம் நெஞ்சுவலியை அசட்டை செய்யாதீர்கள், அந்தச் சமயத்தில் மாரடைப்பு வருவது கூடுதல்.

நைட் டூட்டி எழுதியது:

நெஞ்சக வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் சொல்லாத சில்லறை விஷயங்களை நான் சொல்கிறேன் தங்கச்சி.

காலையில் எழுந்து பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்னால் அம்மாவை எடை பார்க்கச் சொல்லுங்கள், காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். நீர் மாத்திரையை வீக்கத்தைப் பார்த்து நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். பொட்டாசியம் இறங்கும், சால்புடமாலும் பொட்டாசியத்தை இறக்கும், இரண்டும் சேர்ந்தால் துடிப்பு தடுமாறும். அம்மாவுக்கு ரத்தம் ஏற்கெனவே கெட்டி, அதிகமாக நீரை எடுத்தால் எழுந்ததும் தலைசுற்றி விழுவார்.

உப்பு என்றதும் எல்லோரும் சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாயை விட்டுவைத்திருப்பார்கள். அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

விரல் மிஷினில் பார்க்கும்போது விரல் சில்லென்று இருந்தால் பொய் எண் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கவிட்டும் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள், டாக்டருக்கு அது உதவும்.

ஆக்ஸிஜன் எழுதிக்கொடுத்தால் சிலிண்டர் வேண்டாம், கரண்டில் ஓடும் கான்சன்ட்ரேட்டர் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். 15 மணி நேரம் என்றதும் பயந்துவிடாதீர்கள், தூங்கும் நேரமே எட்டு மணி, சீரியல் பார்க்கும் நேரம், பூக்கட்டும் நேரம் எல்லாம் அதில் சேர்த்தி. டியூபை நீளமாக வாங்கினால் வீட்டுக்குள் நடமாடலாம். மூக்கு காய்ந்தால் வாசலின் தடவாதீர்கள், தண்ணீர் கலந்த ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி பக்கம் டியூபோடு போகவே கூடாது.

கரிசல்காடு எழுதியது:

அக்கா, எங்கள் ஊரில் பராமரிப்பு என்று சொல்லி மாதத்தில் ஒரு நாள் காலை 9 முதல் 5 வரை கரண்ட் இருக்காது. அன்றைக்கு என்ன செய்வது? திங்கட்கிழமை ஏபிஜி எடுக்க மதுரைக்குப் போகிறோம், நெஞ்சு டாக்டரே எழுதிக்கொடுத்தார், ஆம்லோடிபினையும் மாற்றிவிட்டார்.

நைட் டூட்டி எழுதியது:

நல்லது. கரண்ட் கட் ஆகப்போகும் தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுமே, அன்றைக்கு ராத்திரி நேரத்தைக் கூட்டி, பகலில் விட்டுப்போனதைச் சரிக்கட்டுங்கள். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 300, 350 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனோடு சேர்த்து அதிக நேரம் தாங்காது, அதனால் சின்ன சிலிண்டர் ஒன்றை நிரப்பி ரெகுலேட்டரோடு தயாராக வைத்திருங்கள், திறக்கும் சாவி சிலிண்டரிலேயே கட்டித் தொங்கட்டும். திங்கட்கிழமை போகும்போது மாத்திரை அட்டை, கண் சொட்டு மருந்து எல்லாவற்றையும் பையோடு எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் எடுத்த இடத்தை ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், தமனி என்பதால் சீக்கிரம் நிற்காது.